எண்ணெய் விரலும் எண்ணில்லாத கோப்பும்

எங்கள் தென்காசி அலுவலகத்தில், நிரலில் யார் எதை மாற்றினாலும் நினைவில் வைத்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்று உண்டு. ஒரு திருத்தத்தை அதிலிருந்து வெளியே எடுத்தால் 0001, 0002 என்று மொட்டை எண்ணில் ஒரு பேட்ச் கோப்பாக வந்து விழும். உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்தால்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை காலை எனக்கு ஞானம் பிறந்தது. திருத்தத்துக்கு எழுதும் குறிப்பின் முதல் வரியே கோப்பின் பெயராகும்படி மாற்றி, அந்த மாற்றத்தை எல்லோருக்கும் போகும் வரிசையில் போட்டுவிட்டு, மனைவியோடு குற்றாலம் போய்விட்டேன். சாரல் யாருக்காகக் காத்திருக்கும்?

அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர் முதுகில் வைத்த ஓர் அறையில்தான் ஞாபகம் வந்தது. மதியம் தானாக ஓடும் ஸ்கிரிப்ட், எண்ணில் தொடங்கும் கோப்புகளை மட்டுமே பொறுக்கி எங்கள் கணினிகளுக்கும், நாங்கள் நிரல் எழுதிக் கொடுக்கும் மருத்துவமனைகளுக்கும் அனுப்பும். அன்று போகவேண்டியது, மருந்தளவில் தசமப் புள்ளி விட்டுப்போகும் பிழைக்கான திருத்தம். அது போகாவிட்டால் யாரோ ஒருவருக்கு அரை மாத்திரை ஐந்தாகிவிடும்.

எழுந்து ஓடினேன்.

“அண்ணாச்சி, தலை பாக்கி இருக்கு!” என்றார் எண்ணெய்க்காரர்.

“தலையே தப்புமான்னு தெரியல!”

போன் மனைவியிடம் இருந்தது. “ஏங்க, துண்டப் பிடிங்க. எதுக்கு இப்படி ஓடி வாரிய?” என்றாள். போனை வாங்கினேன். எண்ணெய் விரலை வைத்தால், நீ யாரோ என்றது போன். பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். கால் விரலை எடுக்கும்முன் அவள் பிடுங்கி, முந்தானையால் துடைத்து, நான் ரகசியம் என்று நம்பியிருந்த எண்ணை அடித்துத் திறந்தாள். அதற்குப் பயப்பட அப்போது நேரமில்லை.

அலுவலகத்தில் இருந்த பக்கத்து மேசைக்காரியை அழைத்தேன். “தாயி, மருந்துத் திருத்தம் போச்சா?”

“அப்பவே போயிட்டே. நம்பர் போட்டுத்தான் போச்சு.”

“நம்பரா? நான் பேர மாத்திட்டேனே!”

“நீங்க மாத்துனது யாருக்கும் வந்து சேரல அண்ணாச்சி. அந்த மாத்தத்தோட கோப்பையே நம்பர் இல்லாமப் புதுப் பேருல அனுப்பிருக்கிய. ஸ்கிரிப்ட் தொட மாட்டேங்கு. இங்கன அனாதையா கெடக்கு.”

“என்ன பேருல?”

“‘இனி யாருக்கும் குழப்பமில்லை.’” அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. “அழிச்சிரவா?”

“அழி தாயி. அழிச்சிட்டு, அழிஞ்சிட்டான்னு ஒருக்கா பாத்துச் சொல்லு.”

தலைக்கு எண்ணெய் வைக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“குளிருதா அண்ணாச்சி? இப்படி நடுங்குதிய?”

“ஆமா,” என்றேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.