அக்காள் பாதி பார்த்த படம்

எங்கள் கடற்கரையில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் உடனே செத்தவனாகிவிட மாட்டான். உடல் கரையேற வேண்டும். அப்போதுதான் கோயிலில் துக்க மணி அடிப்பார்கள், குழி வெட்டுவார்கள், பெண்சாதியின் தாலியைக் கழற்றுவார்கள். உடல் வரவில்லையா? பெண்சாதி தானே பங்குச் சாமியாரிடம் போய், "பூசை வையுங்க சாமி" என்று வாய்விட்டுக் கேட்கும்வரை அவன் கடலில் இருக்கிறான், அவ்வளவுதான். அவளுக்காக வேறு யாரும் அதைக் கேட்பதில்லை.

என் அத்தான், அதாவது அக்காளின் மாப்பிள்ளை, ஆடி மாதத்துக் கடலில் போனார். கட்டுமரம் தேங்காய்ப்பட்டணத்து ஆற்றுவாயில் ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. அடுத்த ஆடியும் வந்து போயிற்று. அக்காள் கேட்கவில்லை. அழவும் இல்லை. விடிந்தால் ஓலைக் கடவத்தில் மீனை எடுத்துக்கொண்டு கருங்கல் ஊர்ச் சந்தைக்கு நடப்பாள். திரும்பி வந்தால் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அம்மாவுக்கு மகளைப் பற்றியும் பயம், மருமகனைப் பற்றியும் பயம். அவர் ஆத்துமம் பாவம் தீர வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒரு செபத்துணையும் இல்லாமல் கிடக்கிறதே என்று உருகுவாள்.

"அவ வாயத் தொறக்காம அவனுக்கு ஒரு பூசையும் கெடயாது. தீயில கெடக்கானோ என்னமோ. நீ படிச்சவனில்லியா மக்கா, நீ பேசு அவகிட்ட."

நான் படித்தவன்தான். நாகர்கோவிலில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வாத்தியார் வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதைவிட அலைந்தேன் என்பது சரி. நாடகம் எங்கே, கிராமபோன் எங்கே, எந்தத் திடலில் கூடாரம் போட்டிருக்கிறார்கள் என்றே கால்கள் போகும். அந்நாளில் என்னை ஒரு பித்துப் பிடித்திருந்தது. எந்தக் கதையைக் கேட்டாலும் அதற்குள் சுவிசேஷம் தெரியும். மேடையில் ஒரு ராஜா காணாமற்போன மகனைக் கட்டிக்கொண்டால், ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் இவன்தான் என்று துள்ளுவேன். ரெக்கார்டில் ஒரு பெண் நாயகன் வரவில்லையே என்று பாடினால், ஆத்துமம் சேசுவைத் தேடுகிறது என்பேன். சாயாக்கடையில் ஒருநாள் இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, ஒருவன் கிராமபோன் குழாயைத் தட்டிக்காட்டிக் கேட்டான்: "ஏலே, அப்ப இது எந்த அப்போஸ்தலரு, ராயப்பரா சின்னப்பரா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் விட்டுவிடவில்லை.

அப்போதுதான் கருங்கல் சந்தைத் திடலில் ஊமைப்படக் கூடாரம் வந்தது. முதல் நாளே போய்ப் பார்த்தேன். வியாபாரி ஒருவன் கப்பலேறிப் போகிறான், கப்பல் உடைகிறது, உடல் கிடைக்கவில்லை. ஊரார் புல்லால் ஓர் உருவம் செய்து சிதையில் வைத்து எரிக்கிறார்கள். கடைசியில் அவன் உயிரோடு வந்து வாசலில் நிற்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்றாம் நாள் சேசுவின் கல்லறைக்குப் போன பெண்களுக்கு நேர்ந்தது இதுவல்லாமல் வேறென்ன? இதை அக்காள் பார்க்கட்டும். மரணம் முடிவல்ல என்று பார்த்துவிட்டால் பூசைக்குச் சம்மதிப்பாள். வீட்டில் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"சினிமாவுக்கா? தாலியறாத பிள்ளையக் கூட்டிக்கிட்டு? சாமி அறிஞ்சா என்ன சொல்லுவாரு?"

"இது சினிமா இல்லம்மா, ஈஸ்டர்."

"ஒனக்கு எல்லாம் ஈஸ்டர்தான்," என்றாள் அம்மா. ஆனால் தடுக்கவில்லை. வேறு வழியெல்லாம் அவளும் பார்த்தாயிற்று.

சந்தை நாளில் மீன் விற்று முடித்த கையோடு அக்காளைக் கூடாரத்துக்கு அழைத்துப் போனேன். மணல்தரையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். காலிக் கடவம் அவள் மடியில்.

"கடவத்தயும் கொண்டு வந்திருக்கா பாரு. நாத்தம் தாங்கல்ல," என்றாள் பக்கத்தில் ஒருத்தி.

"நாத்தம் பிடிக்கல்லேண்ணா மூக்க வீட்டுல வச்சிட்டு வரணும்," என்றாள் அக்காள்.

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அவள் அவ்வளவு பேசியே வெகுநாளாகியிருந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

திரைக்குப் பக்கத்தில் கம்போடு ஒருவர் நின்று கதை சொன்னார். "தாய்மாரே, பாருங்க! காத்து அடிக்குது! கப்பல் ஆடுது!" ஆர்மோனியம் அலறியது. கூட்டம் உச்சுக்கொட்டியது. நான் அக்காளைத் திரும்பிப் பார்த்தேன். கப்பலை அவள் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கடலில்ல. ஏதோ கொளம்," என்றாள் என்னிடம்.

பிறகு அந்தப் புல் உருவம் வந்தது. பெண்கள் காய்ந்த புல்லைக் கட்டித் தலை வைத்தார்கள், கை வைத்தார்கள், வேட்டி சுற்றினார்கள். மனைவி வந்து அதன் நெஞ்சில் கையை வைத்தாள். கதை சொல்கிறவர் என்ன நினைத்தாரோ, அந்த இடத்தில் மட்டும் பேசவில்லை. அக்காள் முழங்காலில் எழும்பி முன்னால் குனிந்துவிட்டாள். சிதையில் தீ வைத்ததும் கடவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா போலாம்."

"இனிதான அக்கா கதையே இருக்கு!"

"எனக்குப் போதும்."

"ஏட்டி, இரி! மறைக்குது!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவள் அதற்குள் வெளியே போய்விட்டாள்.

ஓலைச் சூட்டைக் கொளுத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தோம். எனக்கு ஆற்றாமை. ஈஸ்டரைக் காட்டக் கூட்டிவந்தவளை, சேசு செத்த பெரிய வெள்ளியோடு திருப்பிக் கொண்டுபோகிறேனே!

"அவன் சாகல்ல அக்கா. கடைசில உயிரோட வாறான். வாசல்ல வந்து நிக்கான், அவ கால்ல விழுறா, ஒரே வெளிச்சம்..."

"அது எனக்குத் தெரியும்."

"நீதான் பாக்கல்லியே?"

"வருவான் வருவான்னு உள்ள படத்தத்தானலே நான் கடக்கரையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். மத்ததுதான் நான் பாக்காதது."

நான் சூட்டை வீசி நெருப்பைத் தூண்டினேன். கொஞ்ச தூரம் போனபின் அவளே கேட்டாள்: "புல்லக் கெட்டி வச்சாவது அவளுக்குத் தொட ஒண்ணு குடுத்தாவ. நம்ம வேதத்துல அப்படி ஒண்ணும் இல்லியா?"

இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. ஆத்துமாக்களின் திருநாளன்று கோயில் நடுவே வைப்பார்களே, தூம்பா. சவப்பெட்டிபோல ஒரு மரக்கூடு, அதன்மேல் வெள்ளைச் சிலுவை தைத்த கறுப்புத் துணி, சுற்றிலும் மெழுகுதிரி. உடல் இல்லாத இடத்தில் உடலுக்குப் பதிலாக வைப்பது. அதைச் சொன்னேன்.

"அதுக்குள்ள என்ன உண்டு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் கூடு."

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

மறுநாள் காலைப் பூசைக்கு முன்பே என்னையும் கூட்டிக்கொண்டு சாமியார் தங்கும் அறைவீட்டுக்குப் போனாள். சாமியார் என்னைப் பார்த்ததும், "யாரு, கூடாரத்துப் பிரசங்கியா?" என்று ஆரம்பித்தார். அக்காளின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"பூசை வைக்கணும் சாமி."

"வைக்கலாம் பிள்ளே."

"தூம்பாவுக்குள்ள அவருக்க துளவய வைக்கட்டா?"

துளவை என்பது கட்டுமரம் தள்ளும் துடுப்பு. மரத்தோடு சேர்ந்து ஒதுங்கியதை அவள் கூரை மூங்கிலில் செருகி வைத்திருந்தாள்.

"உள்ள ஒண்ணும் வைக்கிற வழக்கம் இல்லியே."

"அவரு பிடிச்ச கைப்பிடி தேஞ்சிருக்கு சாமி. வேற என்னத்தத் தொடுவேன்?"

சாமியார் தலையசைத்தார். "வை," என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "உபதேசியாரிட்ட சொல்லி மணி அடிக்கச் சொல்லு," என்றார்.

துக்க மணி கேட்டதும் கரையில் வலை காயப்போட்டவர்கள் அப்படியே எழுந்து வந்தார்கள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கறுப்பு உடுப்பில் சாமியார் பூசை வைத்தார். லத்தீன் பாட்டு எனக்குப் பொருள் தெரியும். அன்று ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை. கடைசியில் அவர் தீர்த்தமும் தூபக்கலசமும் கொண்டு தூம்பாவைச் சுற்ற வந்தபோது அக்காள் எழுந்து போய் மண்டியிட்டாள். கறுப்புத் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி உள்ளே கையை விட்டாள். சாமியார் அவளை எழுப்பவில்லை. அவளையும் சேர்த்துச் சுற்றிவந்தார். தூபப்புகை அவள் தலைமேலும் படிந்தது.

கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றி நான் எத்தனை பேரிடம் அளந்திருப்பேன்! அவர்கள் உயிர்ப்பைப் பார்க்கவா போனார்கள்? செத்த உடலுக்குப் பூசப் பரிமளம் கொண்டு போனார்கள். வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையே சனி முழுவதும் அவர்களுக்கு அந்த உடல் மட்டும்தான் இருந்தது. அக்காளுக்கு அதுவும் இல்லை. கடைசியில் உயிரோடு வருகிறவனுக்காக நான் கொண்டாடிய படத்தில், அவளுக்கு வேண்டியிருந்தது அந்தப் புல்கட்டு மட்டுமே. எங்கள் திருச்சபையிலும் அது இத்தனை காலமும் இருந்திருக்கிறது, ஒரு வெறுங்கூடாக.

தூம்பாவைக் கழற்றியபோது துளவை கோயில் தரையில் கிடந்தது. அத்தானின் தம்பி அதை எடுத்து அக்காளிடம் நீட்டினார். "நீ கொண்டு போ கொளுந்தனாரே, மரத்துக்கு ஆவும்," என்றாள்.

வீட்டில் பெண்கள் அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் முற்றத்து மணலில் நின்றேன். தாலி கழற்றும் நேரம் அது. பிறகு அக்காள் அழுதாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவளுடையதுதானா என்று நினைக்கும்படி இருந்தது. அதற்கு என்னிடம் விளக்கம் ஒன்றும் இல்லை. வாசற்படியில் அம்மா முழங்காலிட்டு, மரித்தவர்களுக்கான மந்திரத்தை ஆரம்பித்தாள். இறந்துபோனவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிவந்து, ஓரிடத்தில் தயங்கி, அத்தானின் பெயரை அன்றுதான் முதன்முதலாக அவர்களோடு சேர்த்துச் சொன்னாள்.