தார்ப்பாய் ஏரி

இந்த ஊரில் யார் வீட்டு மாடியில் ஒரு செங்கல் கூடினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். செங்கல் என்றது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு கூரையாவது முளைத்திருக்க வேண்டும். ஆனாலும் நகரமைப்பு அலுவலகத்தில் அவளைக் கழுகு என்று கூப்பிட்டது சும்மா இல்லை. செயற்கைக்கோள் எடுத்த படங்களை வருடவாரியாக அடுக்கி வைத்து, ஊர் எந்தப் பக்கம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கோடு போடுவது அவள் வேலை. நிறத்தைப் பார்த்து இது வீடு, இது வயல், இது தண்ணீர் என்று கணினி பிரித்துக் கொடுக்கும். சந்தேகமானதற்கு அவள்தான் தீர்ப்பு.

ஒருநாள் மதியம் அக்காவிடமிருந்து போன். ஊர்க்கோடியில் புதிதாக உருவான தெருவில் வீடு வாங்கி, அப்போதுதான் குடிபோயிருந்தாள் அக்கா.

“ஏண்டி, தண்ணிக் குழாய் கேட்டுப் போனா, உங்க தெருவே ஏரிக்குள்ள இருக்குங்கிறாங்க. யாரு போட்ட மேப்புடி அது?”

“எங்க மேப்புல தப்பு இருக்காதுக்கா. நீதான் விசாரிக்காம ஏரியில வீடு வாங்கியிருப்ப.”

“அப்படியா? ஞாயித்துக்கிழமை வா. நீச்சல் அடிக்கலாம்.”

வாய் வீம்பு பேசியதே தவிர, போனை வைத்ததும் அந்தத் தெருவைத் தேடினாள். பழைய படங்களைத் திறந்தாள். மழைக்காலத்தில் பளிச்சென்று நீலம்; கோடையில் வெறும் மண் நிறம். நிறைகிறது, வற்றுகிறது, ஏரிக்கு வேறென்ன லட்சணம் வேண்டும்? ‘பருவ ஏரி’ என்று குறித்தவள் அவளேதான். ஊரோரம் நீர்நிலைகள் பெருகுகின்றன என்று மேலதிகாரி ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியதும் இதை நம்பித்தான்.

ஞாயிறன்று போனாள். தூறிக்கொண்டிருந்தது. தெரு முழுக்கக் கூரைகளின் மேல் நீலத் தார்ப்பாய், பறக்காமலிருக்கப் பழைய டயர்கள்.

“எல்லார் வீடும் ஒழுகுது. மொத்தமா வாங்கினா மலிவுன்னு தெருவே ஒரே கடையில வாங்குச்சாம். மழைக்காலம் முடிஞ்சதும் மடிச்சு வச்சிடுவாங்க,” என்றாள் அக்கா.

தார்ப்பாய்க்கு அடியில் பூசாத சிமெண்ட், காய்ந்த மண்ணின் அதே நிறம். ஏரிக்குள் குடியிருந்த ஜனங்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி இத்தனை பேர் தலைக்கு மேல் தண்ணீர் விட்டிருக்கிறோமே என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாள் மேலதிகாரியிடம் சொன்னாள். “சார், அது ஏரி இல்ல. தார்ப்பாய்.”

“அறிக்கை மேல போயாச்சும்மா. அடுத்த வருஷம் திருத்திக்கலாம்.”

“அதுவரைக்கும் அவங்க எதைக் குடிப்பாங்க?”

“கழுகுக்கே கண் மறைச்சிடுச்சான்னு எல்லாரும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார். தப்பு என்னோடதுன்னு என் பேரைப் போட்டே அனுப்புங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார். சிரிக்கத்தான் செய்தார்கள். அவள் மற்ற ஏரிகளையும் ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பார்த்தாள். இன்னும் சிலவற்றில் ஜனங்கள் குடியிருந்தார்கள்.

அக்கா தெருவில் குழாய் வந்த அன்று அக்கம்பக்கத்தார் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளுக்குப் பழைய மிடுக்கு எட்டிப் பார்த்தது.

“மேலயிருந்து பார்க்கும்போதே எனக்குச் சந்தேகந்தான், வீடா இருக்குமோன்னு…”

அக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “மேலயிருந்து இவளுக்கு ஒண்ணும் தெரியல. பஸ் பிடிச்சு வந்துதான் பார்த்தா.”