தேக்சாவுக்கு வாங்கிய பை

மழையில் நனைந்த நாயும் மண்ணெண்ணெய்ப் பாட்டிலும் ஒரே மூட்டையில் படுத்து எழுந்தால் என்ன வாசனை வருமோ, அதுதான் என் முதல் மலைப் பையின் வாசனை.

மர்பி டவுனில் எங்கள் சந்துக் கூட்டம் வருஷத்துக்கு ஒருமுறை, மழை விட்டதும், ராமநகரா பக்கத்தில் ஒரு பாறை மலைக்குப் போகும். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி, உச்சியில் பிரியாணி செய்து தின்றுவிட்டு இறங்கும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டதால், கைவசம் நேரமும் வாயும் மட்டும் நிறைய இருந்தன. கூட்டத்துக்குத் தலைவர் அன்பு அண்ணன், லாரி ஷெட்டில் வேலை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சும்மா வர்றவனுக்கு மேல எடம் இல்லடா. ஏதாச்சும் சொம. இல்ல, கீழ செருப்புக்குக் காவல் குந்து" என்றார். போன வருஷம் காவல் உட்கார்ந்தவனும் நான்தான். பத்து ஜோடிச் செருப்போடு ஒரு பகல் முழுக்கப் பேசிப் பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். "தேக்சாவ நான் தூக்கினு வர்றேண்ணா" என்று சொல்லிவிட்டேன். 'தேக்சா' என்பது பத்துப் பேருக்குப் பிரியாணி வேகும் அலுமினியப் பாத்திரம். சுற்றளவில் எனக்கு அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்கு தேக்சாவையும் கூட்டிக்கொண்டே போனேன். நடைபாதையில் குவித்திருந்த பைகள் ஒவ்வொன்றிலும் அதை இறக்கிப் பார்த்தேனே தவிர, என் முதுகில் ஒன்றைக்கூட மாட்டிப் பார்க்கவில்லை. கடைக்கார பாய் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"பை உனக்கா, தேக்சாவுக்கா?"

"தேக்சாவுக்குத்தான் பாய்."

"அப்போ அதையே நடக்கச் சொல்லு."

தேக்சாவுக்குப் பொருந்திய பச்சைக் கித்தான் பை என் கழுத்தில் தொடங்கி முட்டிக்குப் பின்னால் முடிந்தது. இடுப்பில் கட்ட வேண்டிய வார் தொடையைக் கட்டிக்கொண்டது. தோள் வாரை இழுத்து இறுக்க வேண்டுமென்று எனக்கு யார் சொன்னார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தொங்கவிட்டு நடக்கும் ஸ்டைலைப் பார்த்திருந்தேன். அவர்களைவிட இரண்டு விரல் அதிகமாகவே இறக்கிவிட்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்து, "பையத் தூக்கினு நீ போறியா, ஒன்னத் தூக்கினு பை போவுதா?" என்று கேட்டாள்.

மூடி கட்டிய தேக்சாவுக்குள் அரிசியும் மசாலாவில் ஊறிய கறியும் இருந்தன. பாறை சரிவெடுத்ததும் பை என்னைப் பின்பக்கமாக இழுத்தது. அடிக்கு ஒருமுறை தேக்சாவின் விளிம்பு முதுகெலும்பின் நுனியில் இடித்தது. கால்வாசி தூரம்கூட ஏறவில்லை, கவிழ்ந்த ஆமைபோல மல்லாந்து, கால்களை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"எறங்குடா. செருப்புங்க ஒன்னத் தேடுது" என்றார் அன்பு அண்ணன்.

நானும் சிரித்தேன், அது என் வழக்கம். ஆனால் அன்று சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தேக்சாவை வெளியே எடுத்தேன். கல்யாண வீடுகளில் பாத்திரம் சுமக்கும் அம்மா முந்தானையைச் சுருட்டித் தலையில் வைப்பாளே, அதேபோல அந்தப் பெரிய பையை வட்டமாகச் சுருட்டி 'சும்மாடு' கட்டிக்கொண்டேன். "அண்ணா, தூக்கி மேல வெய்யி."

அவர் தூக்கி வைத்தார். "நட. நான் பின்னாடியே வர்றேன். நீ உளுந்தா கறி என் தலையிலதான்" என்றவர், உச்சிவரைக்கும் என் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கையை நீட்டியபடியே ஏறினார். முதல் தட்டுப் பிரியாணி எனக்குத்தான் வந்தது.

இப்போது பிரேசர் டவுனில் மலையேறும் சாமான் விற்கும் கடையில் வேலைக்கு நிற்கிறேன். பிடரி எலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை டேப் பிடித்து, உள்ளே மணல் மூட்டை வைத்து, முதலில் இடுப்பு வார், அப்புறம் தோள் வார் என்று நான் மாட்டிவிடுவதைப் பார்த்தால் படித்தவன் என்றே நம்பிவிடுவீர்கள். போன வாரம் ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டு குதித்துப் பார்த்தாள். பை அசையவே இல்லை. நண்பர்கள் எட்டுப் பேர் போகிறார்களாம்.

"சாப்பாடு யாரும்மா எடுத்துனு போறது?" என்றேன்.

"அவங்கவங்களோடது அவங்கவங்க பையிலதாண்ணா."

அந்த மலையில் இப்போது அடுப்பு மூட்ட விடுவதில்லை. எங்கள் சந்துக் கூட்டமும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டது. நான் மாட்டி அனுப்பும் பைகள் எல்லாம் முதுகோடு ஒட்டினாற்போல உட்காருகின்றன. பத்துப் பேருக்கான சோறு மட்டும் எவர் முதுகிலும் ஏறுவதில்லை.