நானூறு வருஷத்துச் செத்தவீடு

மகனைக் கம்பனி வேலையாகச் சீனாவுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் ஒரு புத்தகத்தை விரித்தான். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், எனக்குப் படம் மட்டும்தான். பழைய சீன ராசாக்களின் கல்லறைகள். ஒன்றைத் தோண்டித் திறந்திருந்தார்கள். பூமிக்குக் கீழே மாளிகை, வெள்ளைக்கல் ஆசனங்கள், கடைசி மண்டபத்தில் பெரிய சிவப்புப் பெட்டிகள்.

"ராசாவும் இரண்டு ராணியும், அம்மா. படியால இறங்கிப் போய்ப் பாக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகினமாம்."

மருமகளுக்கு அப்போது ஆறாம் மாதம். முந்தின பிள்ளை தங்காமல் போனது. மனைவி வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் செத்தவீட்டுக்குப் போவதில்லை, பாடை தூக்குவதில்லை. படித்த பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது? கோப்பை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டேன்.

"தம்பி, மேல நிண்டு பாத்தாப் போதாதோ?"

மருமகள் சிரித்துவிட்டாள். "மாமி, அது நானூறு வருஷத்துச் செத்தவீடு. துடக்கு எப்பவோ கழிஞ்சிருக்கும்!"

நானும் திரும்பிச் சிரித்துவைத்தேன்.

அந்த ஞாயிறு ஈஸ்ட் ஹாம் வீட்டில் நான் சமைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இறங்கியிருப்பான், இப்போது அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பான் என்று நினைத்து நினைத்துச் சோற்றைக் குழையவிட்டேன். ஆர்ச்வே கோயில் முருகனுக்கு ஓர் அர்ச்சனை நேர்ந்தேன். மருமகள் ரிவியில் ஏதோ படத்தைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருந்தாள்.

ஊரில் என்றால், செத்தவீட்டுக்குப் போய் வருகிறவன் ஒன்றையும் தொடாமல் நேரே கிணற்றடிக்குப் போவான். இந்த இங்கிலீஷ்காரர் நாட்டில் குளியலறை மாடியில். வாசலிலிருந்து அதுவரைக்கும் கார்ப்பெட். மகன் வருகிற அன்று பழைய பெட்ஷீட் ஒன்றை வாசலிலிருந்து விரித்தேன். அது படியடியோடு முடிந்துவிட்டது. மருமகள் வந்து பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் இன்னொரு பெட்ஷீட்டை எடுத்துவந்து, மூச்சு வாங்க வாங்கப் படிகளில் விரித்தாள்.

மகன் கதவைத் திறந்து திகைத்து நின்றான். "என்னம்மா, எனக்கு மாப்பிள்ளைக்குப் போல நிலபாவாடையோ?"

"ஒண்டையும் தொடாத. முதல்ல போய் முழுகு."

"நான் கீழ இறங்கேல்லை, அம்மா. எல்லாரும் போக நான் பஸ்ஸடியிலயே நிண்டனான்."

"ஏன்?"

"இவதான் முந்தியே வேலையிடத்திலயிருந்து போன் எடுத்து அழுதவ. இறங்கினா வீட்டுப் பக்கம் வரவேண்டாமாம்."

நான் மருமகளைப் பார்த்தேன். "அப்ப அண்டைக்கு ஏன் பிள்ளை சிரிச்சனி?"

"அண்டைக்கு எனக்குப் பயமில்லை, மாமி. உங்கட முகத்தைப் பாத்த பிறகுதான்..."

ஒன்றும் சொல்லாமலே அவளுக்குப் பயத்தைக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய வயிற்றில் கையை வைத்தேன். "அசையுதோ?"

"காலமை அசைஞ்சது."

மகன் பெட்ஷீட்டின் மேல் நடந்து மாடிக்கு ஏறினான். இறங்கவில்லை என்றாலும் முழுகட்டும் என்று நான் நினைக்க, அவள் மேலே பார்த்துக் கத்தினாள்: "தலையிலயும் தண்ணி வாத்து முழுகுங்கோ!"

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிள்ளை பிறந்து அழும்வரைக்கும் எங்கள் இருவருக்கும் அந்தப் பயம் தெளியவில்லை.