பழைய நிலைக்குத் திருப்பிய மதியம்

படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில், கடைசி வரிசையில் இருந்த ஒரு கணினி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திரையில் புதிய விண்டோஸ் ஓடும். அதற்குள் ஒரு சின்னப் பெட்டியில் பழைய விண்டோஸ், இன்னொரு பெட்டியில் லினக்ஸ். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஆய்வக உதவியாளர். திருப்போரூரிலிருந்து பஸ்ஸில் வருவார். எல்லோருக்கும் அவர் 'லேப் அக்கா'. எங்கள் துறைக்கு வேண்டிய மென்பொருள் ஒன்று பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், புதுக் கணினிக்குள்ளேயே பழையதை ஒரு மெய்நிகர் கணினியாக அமைத்திருந்தார். யூடியூப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டது. விரிவுரையாளரான எனக்கோ அது வெறும் பாடப்புத்தக அறிவு.

இறுதியாண்டு மாணவிகள் மூவர் மூன்று வாரமாக அதில்தான் தங்கள் புராஜெக்டைச் செய்துவந்தார்கள். ஒரு மதியம், அக்கா சாப்பிடப் போயிருந்தபோது, பழைய விண்டோஸ் அசையாமல் நின்றுவிட்டது. முன்பு சேமித்துவைத்த நிலைக்கு அதைத் திருப்பலாம் என்று எனக்குத் தெரியும். இப்போது உள்ளது அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. சரியாகப் படிக்காமல் அழுத்தினேன். கணினி சரியாகிவிட்டது. மாணவிகளின் வேலை மட்டும் இல்லை. அந்த நிலை, அவர்கள் தொடங்குவதற்கு முன்பே சேமித்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள், மாணவிகள் முறையிட்டதும், முதல்வர் அக்காவையும் என்னையும் அழைத்து, அந்தக் கணினி யார் பொறுப்பு என்று கேட்டார்.

"என் பொறுப்புதான் சார்," என்றார் அக்கா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போது பணி நிரந்தரமாகவில்லை. மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மாணவிகள் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து, தாமதமாகத்தான் முடித்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பணி நிரந்தரமான பிறகு, நடந்ததை எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். அதைத் தைரியம் என்று நான் சொல்ல மாட்டேன். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டுக் கடிதத்தைத் திருப்பித் தந்தார். அதை எடுத்துக்கொண்டு திருப்போரூர் போனேன். அக்கா ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"அன்னிக்கே தெரியும் மேடம். எத்தினி மணிக்கு மாத்துனாங்கன்னு அதுலயே காட்டும். அப்போ நான் சாப்ட்டுகினு இருந்தேன், லேப்ல நீங்கதான் இருந்தீங்க."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான் நின்னுகினு இருந்தேன்."

அதற்குள் ஒருவர் ஆதார் அட்டையோடு வந்து நின்றார். அக்கா கடிதத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, எத்தனை காப்பி வேண்டும் என்று அவரிடம் கேட்டார்.