மஞ்சள் தடவிய மெயில்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் விளாங்குடியில் ஒரு ஜவுளிக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வேலை முதலாளியிடம் திட்டு வாங்குவது. ஒருநாள் ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, முதலாளியின் திரையில் ஆண்மை மருந்து விளம்பரம் ஒன்று வந்து நின்றது. அதை நானே அனுப்பியதுபோல என்னை வறுத்தெடுத்துவிட்டார்.

குப்பை மெயிலை வடிகட்டும் சாப்ட்வேர் போட்டேன். கேப்பிட்டல் எழுத்துக்கு இவ்வளவு, கலர் எழுத்துக்கு இவ்வளவு என்று அது ஒவ்வொரு மெயிலுக்கும் மார்க் போடும். ஐந்தைத் தொட்டால் மெயில் குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். ஐந்தெல்லாம் வேண்டாம், இரண்டில் வை என்றார் முதலாளி. நல்ல மெயிலும் சேர்ந்து போகும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"நல்லவன் எதுக்குய்யா மார்க் வாங்குறான்?" என்றார். அந்தப் பெட்டியை யாரும் திறக்கவே கூடாது என்று உத்தரவு வேறு.

அந்த வாரம்தான் மும்பையிலிருந்து ஒரு குடும்பம் கோச்சடையில் முதலாளி வீட்டுக்கு வந்து, அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அவள் எங்கள் ஆபீசிலேயே கணக்குப் பார்த்தாள். பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முடிவை மெயிலில் சொல்கிறேன் என்றிருந்தார் பையனின் அப்பா. மெயில் வரவேயில்லை. போன் போட்டுக் கேளுங்களேன் என்றால், பெண் வீட்டுக்காரன் வலியப் போய்க் கேட்பதா என்று முதலாளி முறுக்கிக்கொண்டார். அவளோ மதியம் டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருப்பாள்.

கடைசியில் அவளே என்னிடம் வந்தாள். "அண்ணே, அந்தக் குப்பைய ஒருக்கா கிளறிப் பாருங்களேன்."

லாட்டரிக்கும் மருந்துக்கும் நடுவில் கிடந்தது மும்பை மெயில். நல்ல சேதிக்கு மஞ்சள் தடவி அனுப்பும் வழக்கத்தைப் பையனின் அப்பா மெயிலிலும் விடவில்லை. எழுத்தெல்லாம் மஞ்சள், நாலு மூலையிலும் சிவப்புப் பொட்டு, முழுக்கக் கேப்பிட்டலில் சம்மதம். மார்க் மூன்று. பதில் இல்லையே, பெண்ணுக்கு இஷ்டமில்லையா என்று அடுத்து ஒரு மெயில். அந்த வருத்தத்தையும் மனுஷன் மஞ்சளில்தான் எழுதியிருந்தார்.

முதலாளி படித்துவிட்டு, நாமும் மஞ்சளிலேயே பதில் அடிப்போம், அதுதான் மரியாதை என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவள் மேசைப் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "நீங்க மஞ்சளா அனுப்புங்கப்பா. அது அங்க எந்தக் குப்பையில விழுதோ. நான் பேசிக்கிறேன்."

முதலாளி எட்டிப் பிடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"மாமா, எனக்குச் சம்மதம்" என்றாள்.

முதலாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல வணக்கம் சொல்லும்மா" என்றார்.