தட்டுக்கு அடியில் புளி

சிக்கந்தர் ராவுத்தர் காலமாகிவிட்டார் என்று தேவாரம் பஸ்சின் கண்டக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. முந்தின நாள்தான் போடிமெட்டுக்கு ஜீப்பு ஏறினவர். மலையிலிருந்து இறங்கும் சேதி வழியில் உருமாறிவிடும் என்று அவரே சொல்வார். வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்த பிறகே நம்பினேன். மாரடைப்பு என்றார்கள்; அதையும் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டேன். அவரோடு பழகிய உங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

எங்கள் மலேரியா ஆய்வுக்கூடத்தில் விலங்கியல் படித்தவர் அவர் ஒருவர்தான். பிறந்ததோ ஏலக்காய் வியாபாரக் குடும்பம். தராசு முள் நேராக நின்றாலே அந்த வீட்டில் சந்தேகம் வரும். தட்டுக்கு அடியில் யாராவது புளியை ஒட்டியிருக்கலாம் என்று சரக்கையும் எடைக்கல்லையும் இடம் மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். ராவுத்தர் கொசுவையும் அப்படித்தான் பார்த்தார்.

ஒருநாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னிடம் கேட்டார். "பொம்பளக் கொசுவுக்கு இந்த எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. ஆம்பளைக்கு ஒண்ணுதான். ஆனா காலு, றெக்கை, கண்ணு எல்லாம் ரெண்டுக்கும் சரியாத்தான இருக்கு? அது எப்பிடிங்கிறேன்."

"ஆம்பளையோடது ரெட்டிப்பா உழைக்கும்" என்றேன்.

"பழ ஈயில அப்பிடித்தான்னு படிச்சவுக சொல்றாக. ஈக்குச் சரின்னா கொசுவுக்கும் சரியா? பொம்பள தன்னோட ஒண்ணை அமுக்கி வச்சிருந்தா? எங்கயோ தட்டுக்கு அடியில புளி இருக்குய்யா."

அந்தப் புளியைத் தேடித்தான் வீட்டுப் பின்கட்டில் சட்டிகளில் புழு வளர்த்து, வலைக்கூண்டில் கொசுவாக்கினார். அந்த வருஷம் அவர் தெருவில் காய்ச்சல் வந்தது. காய்ச்சலை வளர்ப்பதே ராவுத்தர்தான் என்று பேச்சு கிளம்பி, வியாபாரிகள் வாசலில் கூடிவிட்டார்கள். நானும் அங்கே இருந்தேன்.

"காய்ச்சக்காரனக் கடிச்ச கொசுதான் காய்ச்சலக் குடுக்கும். இதுக பொறந்ததுலருந்து சீனித்தண்ணிதான் குடிக்குதுக" என்று சொல்லி, கூண்டுக்குள் கையை விட்டுக் காட்டினார். பெண் கொசுக்கள் கடித்தன.

ஒரு ஏலக்காய்க் கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "நீரு மருந்து தடவியிருப்பீரு. தட்ட மாத்திப் போடும் ராவுத்தரே. உம்ம கைய எடுத்துட்டு வீட்டம்மா கைய வையும்."

கடைக்காரர் கேட்டது ராவுத்தரின் குடும்ப வழக்கத்தைத்தான். மனைவி ஜுலைகா அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூண்டருகே வந்தார். ராவுத்தர் குறுக்கே நின்றுகொண்டார். "நான் சொல்றது சரிதான். ஆனா அதுக்கு இவள எடைக்கல்லா வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தாமே சட்டிகளில் மண்ணெண்ணெயை ஊற்றினார். கூண்டையும் கொளுத்தினார். அவர் கேள்விக்குப் பதில் கிடைக்கவே இல்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

அவர் இறந்த மூன்றாம் நாள் பாத்திஹா ஓதும் சடங்குக்குப் போயிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து ஜுலைகா அம்மாள் பேசினார்.

"அண்ணே, அவுக கூட்டத்துக்கு முன்னால தடுத்தாகல்ல? அதுக்கு ஒரு மாசம் முந்தியே நான் அந்தக் கூண்டுல கைய விட்டுப் பாத்துட்டேன். நல்லாக் கடிச்சுச்சு. ஒண்ணும் ஆகல."

"அவருகிட்டச் சொல்லலையாம்மா?"

"எனக்கு அவுக பேச்சு மேல சந்தேகம்னு எப்பிடிச் சொல்றது? சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாக."

ராவுத்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சந்தேகம்தான். எந்தத் தராசையும் தட்டு மாற்றிப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. ஜுலைகா அம்மாள் சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன்.